நானூத்திப் பன்னெண்டாம் செடி

அண்ணாச்சி, அந்த வாழையிலைக் கட்டு உங்க காலுல இடிக்குதா? இடிச்சாச் சொல்லுங்க, நகட்டிக்கிடுதேன். இந்த வெத்தலைக் கூடைய மட்டும் செத்த மடியில வச்சுக்கிடுவியளா? கல்லிடைக்குறிச்சி வரைக்குந்தான். இல்ல இல்ல, இந்தப் பேப்பர் கட்டு வேண்டாம், இது என் மடியிலயே இருக்கட்டும். இது வளைஞ்சிரக் கூடாது, தண்ணியும் படக் கூடாது.

நிச்சயதார்த்தம், நாளைக்கு. எங்க வீட்டுல இல்ல, எங்க சார் வீட்டுல. அவுக மகளுக்கு. சார்னா என் கைடு. நான் யூனிவர்சிட்டியில பிஎச்டி பண்ணுதேன், செடிகொடி ஆராய்ச்சி. தலைமுடியப் பாக்கியளா? பாருங்க, பாருங்க. எட்டு வருசம் ஆச்சுல்லா. எங்க தெருவுல, இன்னும் படிச்சு முடிக்கலையாடேன்னு கேக்காத ஆளு பொறக்கணும். அதுவும் வார திங்கக்கிழமையோட முடிஞ்சிரும். திங்கக்கிழமை முப்பத்தொண்ணு, எனக்குக் கடைசி நாளு. அதுக்குள்ள தீசிஸ ஆபீஸ்ல குடுக்கணும், குடுக்கலைன்னா என் பேரையே எடுத்துருவாவ. தீசிஸ் அன்னா அந்தப் பையில இருக்கு, அஞ்சு காப்பி, பைண்டிங் பண்ணியாச்சு. சார் கையெழுத்து ஒண்ணுதான் பாக்கி.

என்னது, உங்க மகளும் செடிகொடிதான் படிக்காளா? மூணாவது வருசமா? மேற்கொண்டு ஆராய்ச்சி பண்ணணுங்கா? அப்ப இத நீங்க கேக்கணும் அண்ணாச்சி. கூடப் படிக்கிற ஆட்களப் பாத்துப் பழகணும்னு அவகிட்டச் சொல்லுங்க. நான் ஒருத்திய நம்பி மோசம் போனவன்.

சீச்சீ, அந்த மாதிரி இல்ல. தங்கச்சி மாதிரி. பேரு ரின்புயி, மிசோரம். எங்க டிபார்ட்மெண்டு சின்னது அண்ணாச்சி, மொத்தமே ஒரு நீளக் கட்டடம், மூணு வாத்தியாரு, நாலு ஸ்காலரு. நாலு பேரும் நாலு திசை. நான் மேலப்பாளையம் பக்கம். ஒரு பிள்ளை பேரு ஷாஜிதா, மலப்புறம். தெஸ்ஃபாயேன்னு ஒருத்தன், எத்தியோப்பியாவுல இருந்து வந்தவன், ஆறடி உயரம். அவனுக்குத் தமிழ் சொல்லிக் குடுத்தது நான்தான். ஒரு நாளு துணைவேந்தர் வந்திருக்கையில அவரப் பாத்து, ‘என்ன மக்கா, சாப்ட்டியா’ன்னுட்டான். நாங்க சிரிச்ச சிரிப்புல ஜன்னலு உடைஞ்சிரும். மத்தியானம் நாலு பேரும் ஒரே மேசையிலதான் சாப்பாடு. ரின்புயி கொண்டாருத கருவாட்டு வாடையில பக்கத்து டிபார்ட்மெண்டுக்காரன் கதவச் சாத்துவான். நாங்க சாத்த மாட்டோம்.

அந்தக் கருவாடு முக்கியம், பொறவு சொல்லுதேன்.

செடி ஆராய்ச்சின்னா என்னன்னா, மலையில ஏறி செடியப் பறிச்சு, பழைய தினசரிப் பேப்பருக்கு நடுவுல வச்சு, பலகையப் போட்டு இறுக்கிக் கட்டிக் காய வைக்கணும். தினமும் ஈரப் பேப்பர மாத்தி காஞ்ச பேப்பர் வைக்கணும். செடி கூடவே ஒரு சீட்டு. யாரு பறிச்சா, என்னைக்கு, எந்த இடம், எத்தனாவது நம்பர். ஒவ்வொரு ஆளுக்கும் தனி நம்பர் வரிசை உண்டு. முத முதல்ல பறிச்ச செடி ஒண்ணு, சாகுற வரைக்கும் எண்ணிக்கிட்டே போக வேண்டியதுதான். ஒரே இடத்துல ஒரே வகைச் செடி நாலு பறிச்சா நாலுக்கும் ஒரே நம்பர். எங்க டிபார்ட்மெண்டுல இன்னொரு வசதி என்னன்னா, ஷாஜிதா மலையாளப் பேப்பர்ல காய வைப்பா, நான் தமிழ்ப் பேப்பர்ல. ரின்புயிக்கு அவ அம்மா மாசா மாசம் கருவாடு அனுப்புவா, அது சுத்தி வாரது அவ ஊருப் பேப்பர். இங்கிலீஷ் எழுத்துதான், ஆனா ஒரு வார்த்தை விளங்காது. தெஸ்ஃபாயேக்கு ஏது பேப்பர், எங்ககிட்டத்தான் கேட்டு வாங்கிக்கிடுவான். அதனால கட்டப் பிரிக்காமலே, எது யாரு செடின்னு சொல்லிரலாம். நாங்க சீட்டக் கூடப் பாக்க மாட்டோம்.

ரெண்டு வருசம் முன்னால, கார்த்திகை மாசம். நானும் ரின்புயியும் காட்டு வாட்சரும் மேல ஏறுதோம், மழைன்னா மழை. அட்டை கடிச்சு காலு பூரா ரத்தம். ஒரு ஓடையோரம் பாறையில பாக்கேன், காசித்தும்பை மாதிரி ஒரு செடி. காசித்தும்பைதான், ஆனா பூவுக்குப் பின்னால இருக்குத வாலு ரெண்டாப் பிரிஞ்சிருக்கு. அண்ணாச்சி, அந்த மலையில ஆறு வருசமா ஏறி இறங்கியிருக்கேன், எந்தப் புஸ்தகத்துலயும் அப்படி ஒண்ணு கிடையாது. எனக்கு அப்பவே தெரிஞ்சு போச்சு, புதுசு. பாறையில உக்காந்து அழுதேன். ரின்புயி பயந்துட்டா. “அண்ணாச்சி, வீட்டுல யாரும் செத்துட்டாங்களா?”ன்னு கேக்கா. அவ தமிழும் நான் சொல்லிக் குடுத்ததுதான்.

புதுச் செடிக்குப் பேரு வைக்கது கண்டுபிடிச்சவன் உரிமை. ஆனா தன் பேரையே வைக்கக் கூடாது, அது மரியாதை இல்ல. வேற யாருக்காவது பெருமை பண்ணணும். எனக்கு யோசிக்கவே வேண்டியிருக்கல. எங்க அம்மா பேரு சண்முகக்கனி. பீடி சுத்தி என்னைப் படிக்க வச்சவ. கீழ இறங்கி, போன்ல சிக்னல் கிடைச்ச உடனே முதல்ல சாருக்குச் சொன்னேன். சார் அப்ப டெல்லியில ஒரு கமிட்டியில இருந்தாவ. “ஏல தவசி, சாதிச்சிட்டடே. உங்க அம்மா பேரையே வச்சிருவோம்”ன்னாவ. சார் தங்கமான மனுசன் அண்ணாச்சி. நான் அம்மாகிட்டச் சொல்லிட்டேன். அம்மா பீடிக் கம்பெனியில இலை வாங்க நிக்குத வரிசை பூராவும் சொல்லிட்டா.

அன்னைக்கு மழையில என் பேப்பர் எல்லாம் நனைஞ்சு கூழாப் போச்சு. என் போன்ல கேமரா கிடையாது, அவ போனும் ஓடையில விழுந்து, எடுத்த போட்டோவெல்லாம் போயிட்டு. அவ கருவாட்டுப் பேப்பரத்தான் குடுத்தா. நாலு செடி பறிச்சோம். நான் சீட்டு எழுதுனேன், பென்சில்ல, நம்பர் நானூத்திப் பன்னெண்டு. டிபார்ட்மெண்டுக்கு வந்து மூணு செடிய என் தமிழ்ப் பேப்பருக்கு மாத்தினேன். ஒண்ண, படம் வரையுதேன்னு அவ கேட்டா. அவளுக்குப் படம் நல்லா வரும், குடுத்தேன்.

இது பேட்டைதான? சரி சரி, இன்னும் நேரம் இருக்கு.

பொறவு என்னாச்சுன்னா, சார் மகளுக்கு ஒரு நல்ல சம்பந்தம் வந்துச்சு. மாப்பிள்ளையும் செடிகொடிதான், ஒரு காலேஜ்ல வாத்தியாரு. வேலை உறுதியாகணும்னா அவருக்கு ஒரு நல்ல கட்டுரை வரணும். சார் என்னை ரூமுக்குக் கூப்பிட்டாவ. உக்காருன்னாவ. எட்டு வருசத்துல அன்னைக்குத்தான் அவுக முன்னால நாற்காலியில உக்காந்தேன். “தவசி, நீ என் வீட்டுப் பிள்ளைடே. ஒனக்குத் தீசிஸ்ல வந்துரும்லா, கட்டுரையில எதுக்கு? மாப்பிள்ளை பேரையும் என் பேரையும் போட்டுக்கிடுதோம்”ன்னாவ. என் வீட்டுப் பிள்ளைன்னு சொல்லிட்டாவளே அண்ணாச்சி, அதுக்கு மேல நான் என்ன சொல்ல? அந்த வீட்டுக்குக் கேஸ் சிலிண்டர் தூக்கினது நான், அந்தப் பிள்ளைய பரீட்சைக்கெல்லாம் கூட்டிட்டுப் போனது நான். அந்த உரிமையிலதான கேக்காவ.

மூணு செடிக்கும் சீட்டு மாத்தணும்னாவ. பறிச்சது சாரும் மாப்பிள்ளையும்னு வரணும்லா, தேதியும் சார் டெல்லியில இல்லாத நாளா வரணும், இல்லைன்னா இடிக்கும். “ஒனக்குத்தான் எழுத்து முத்து முத்தா வரும்”னு சார் என்கிட்டயே குடுத்துட்டாவ. நான்தான் எழுதுனேன். வேற இருக்காடேன்னு கேட்டாவ. அலமாரியில என் தமிழ்ப் பேப்பர் கட்டெல்லாம் பிரிச்சுப் பாத்துட்டு, இல்ல சார், மூணுதான்னேன்.

கட்டுரை வெளிவந்துட்டு. கலர் போட்டோவோட, அருமையா வந்திருக்கு. கடைசியில ரெண்டு வரியில எனக்கு நன்றி சொல்லியிருக்காவ, மலையில சாமான் தூக்க உதவினதுக்கு. பேரா? பேரு வந்து... மாப்பிள்ளையோட அம்மா பேரு வச்சுட்டாவ. சம்பந்தியம்மா, பத்மாவதி. சரி, அவுகளும் ஒரு அம்மாதான.

எங்க அம்மாவுக்குத் தெரியாது. கட்டுரைய பிரிண்ட் எடுத்துட்டுப் போயி, இந்தா ஒன் செடின்னு குடுத்தேன். அவளுக்கு இங்கிலீஷ் வாசிக்கத் தெரியாதுல்லா. எந்த எழுத்து என் பேருன்னா. நான் ஒரு இடத்தத் தொட்டுக் காட்டினேன். சாமி படத்துக்குப் பக்கத்துல ஒட்டி வச்சிருக்கா. வாரவங்க போறவங்களுக்கெல்லாம் அந்த இடத்தத் தொட்டுக் காட்டுதா. அந்த நேரம் மட்டும் நான் வெளிய போயிருவேன் அண்ணாச்சி. மத்தபடி எனக்கு ஒரு குறையும் கிடையாது.

துரோகமா? சாரா? நீங்க என்ன அண்ணாச்சி, நல்லாக் கேட்டிய! நான் இவ்வளவு நேரம் யாரச் சொல்லுதேன்? ரின்புயியச் சொல்லுதேன்.

கட்டுரையப் பாத்த உடனே அவ நேரா டீன்கிட்டப் போயி எழுதிக் குடுத்துட்டா. இந்தச் செடி தவசிமுத்து பறிச்சது, நான் கூட இருந்தேன், சார் அன்னைக்கு டெல்லியில இருந்தாருன்னு. என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கணும்லா? கேட்டா. கேட்டான்னே வச்சுக்கிடுங்க. மூணு தடவை கேட்டா. எனக்கு ஒண்ணும் தெரியாது, நீ ஒன் சோலியப் பாருன்னேன். அதுக்குப் பொறவும் போயிருக்கா பாத்தியளா? என் பேர இழுத்து விட்டுருக்கா. எனக்கு ஆறு மாசத்துல தீசிஸ் குடுக்கணும், சார் கையெழுத்துப் போடணும். ஊரு விட்டு ஊரு வந்த பிள்ளை, எழுதிக் குடுத்துட்டு அவ போயிருவா, நான்லா இங்கன கிடக்கணும்?

விசாரணை வச்சாவ. பெரிய மேசை, அந்தப் பக்கம் டீன், இந்தப் பக்கம் சார். அவ எனக்கு நேர் எதிர உக்காந்திருக்கா. அவ வரைஞ்ச படத்தக் காட்டுனா. படம் என்னைக்கு வேணும்னாலும் வரையலாமேன்னுட்டாவ. கூட வந்த வாட்சர யாரும் கூப்பிடல. செடியக் கொண்டாந்து பாத்தாவ. மூணுலயும் சார் பேரு, என் எழுத்துல. டீன் என்னைப் பாத்து, தவசிமுத்து, நீங்க சொல்லுங்க, இது யாரு பறிச்சதுன்னாவ. சாருதான் பறிச்சாவ, நான் கூடப் போனேன்னேன்.

அவ என்னைப் பாத்தா. படத்தச் சுருட்டி எடுத்துக்கிட்டா. பொய் சொல்லுதியே அண்ணாச்சின்னு ஒரு வார்த்தை ஏசியிருந்தா எனக்கு மனசு ஆறியிருக்கும். ஏசல. அதுதான் எனக்குத் தாங்கல. அவ்வளவு திமிரு.

பொறவு அவளுக்கு மெமோ குடுத்தாவ, பொய்ப் புகார்னு. உதவித்தொகை பாரத்துல கையெழுத்து விழல. நாலு மாசம் பாத்தா, மூட்டையக் கட்டிட்டா. எனக்கு நடந்ததக் கேளுங்க. ஷாஜிதா சாப்பாட்டுத் தூக்குவாளிய எடுத்துட்டு வேற மேசைக்குப் போயிட்டா. நாலு வருசம் ஒண்ணாச் சாப்பிட்ட மேசை அது. தெஸ்ஃபாயே இருக்கானே, மக்கா மக்கான்னு கூப்பிட்ட பய, இப்ப ‘மிஸ்டர் தவசிமுத்து’ங்கான். இங்கிலீஷ்ல பேசுதான் என்கிட்ட. நான் சொல்லிக் குடுத்த தமிழு, என்கிட்டயே பேச மாட்டேங்கான். இப்ப அந்த மேசையில நான் மட்டும் உக்காந்து சாப்பிடுதேன். சில நாளு சாப்பிடப் பிடிக்காம டப்பாவ அப்படியே வீட்டுக்குக் கொண்டு போயிருதேன். சொல்லுங்க அண்ணாச்சி, யாரு யாருக்குத் துரோகம் பண்ணினா?

தீசிஸா? முடிச்சுட்டேன். முதல்ல ஆறு அத்தியாயம் இருந்துச்சு, இப்ப அஞ்சு. நாலாவது அத்தியாயம் இந்தச் செடியப் பத்தினது. சார் படிச்சுட்டு, “மாப்பிள்ளை கட்டுரையில வந்தத நீ எப்படிடே போடலாம்? கம்ப்யூட்டர்ல போட்டா காப்பின்னு காட்டிரும்லா, எடுத்துரு”ன்னாவ. நல்ல வேளை சொன்னாவ. நான் அப்படியே குடுத்திருந்தா, திருட்டுப் பட்டம்லா கிடைச்சிருக்கும்!

பத்தமடை வந்துட்டு பாருங்க. நல்ல கூட்டம் ஏறுது. அக்கா, அக்கா, இந்தப் பக்கம் சாயாதிய, மடியில பேப்பர் இருக்கு. வளைஞ்சிரும்.

இதுவா? அதத்தான் சொல்ல வாரேன்.

போன வாரம் ரின்புயி ஊருக்குப் போனா. போகுத அன்னைக்குக் காலையில நான் லேபுக்குள்ள நுழையுதேன், என் மேசையில ஒரு கட்டு. கருவாட்டு வாடை. பிரிச்சுப் பாக்கேன், அவ ஊருப் பேப்பருக்குள்ள நானூத்திப் பன்னெண்டு. அவ படம் வரைய வாங்கினாள்லா, அந்த நாலாவது செடி. அலமாரியக் காலி பண்ணையிலதான் அவ கண்ணுலயே பட்டிருக்கு, அதுவரைக்கும் எனக்குத் திருப்பிக் குடுத்துட்டதா நினைச்சிருக்கா போல. எனக்கு அது நினைப்பே இல்ல பாத்துக்கிடுங்க. அவ ஊருப் பேப்பர்ல இருந்தா அது அவ செடின்னுதான என் கண்ணுக்குப் படும்? சார் தேடச் சொன்னப்ப அந்தக் கட்டையே மூணு தடவை நகட்டி வச்சிருக்கேன். உள்ள என் சீட்டு அப்படியே இருக்கு, பென்சில் எழுத்து, என் பேரு, தேதி, ஓடைப் பேரு. பூ கூட நிறம் மாறல, அவ்வளவு பக்குவமாக் காய வச்சிருக்கா. மேல ஒரு துண்டுத் தாளு. தமிழ்ல எழுதியிருக்கா. பேசத் தெரிஞ்ச பிள்ளைக்கு எழுதவும் நான்தான் சொல்லிக் குடுத்தேன். ‘அண்ணாச்சி, இது உங்க செடி. டீன் திங்கள் வரை இருப்பார்.’ அவ்வளவுதான். கையெழுத்துக் கூடப் போடல. டீனுக்கும் திங்கக்கிழமைதான் கடைசி நாளு, ரிட்டையர் ஆகுதாவ.

ஸ்டேஷனுக்கு ஓடினேன். வண்டி கிளம்பிட்டு. எதுக்கு ஓடினேன்னு கேக்கியளா? ஏசத்தான். போகையிலயும் என் தலையில ஒரு கல்லத் தூக்கி வச்சுட்டுப் போறியேடின்னு கேக்கத்தான். பிளாட்பாரத்துல ஒரு பெஞ்சுல ரொம்ப நேரம் உக்காந்திருந்தேன். ஏன் உக்காந்தேன்னு தெரியல.

ஒரு வாரமா இது என் வீட்டுல இருக்கு. அம்மா என்னடா வாடைங்கா. நேத்து அவ பிரிச்சுப் பாத்துட்டா. இதான என் செடின்னா. போட்டோவுல பாத்திருக்காள்லா, தெரிஞ்சுக்கிட்டா. விரலால இலையத் தடவிக்கிட்டே இருந்தா. சாருக்குக் குடுக்கணும்மான்னு வாங்கிக் கட்டிட்டேன்.

ஆமா, சாருக்குத்தான். வேற யாருக்கு? இது வெளியில இருந்தா சாருக்கு ஆபத்துல்லா. நேத்து போன்ல சொன்னேன், இப்படி இன்னொண்ணு இருக்கு சார்னு. சார் எந்திரிச்சுப் போயி ரூம் கதவச் சாத்துத சத்தம் கேட்டுச்சு. பொறவு, “எடே, நாளைக்கே கொண்டா. யார்ட்டயும் காட்டாத. வரையில மார்க்கெட்ல வாழையிலையும் வெத்தலையும் பிடிச்சுட்டு வந்துரு”ன்னாவ. அந்தக் குரல்ல இருந்த பிரியத்த நீங்க கேட்டிருக்கணும்.

கையெழுத்தா? போடுவாவ. இன்னைக்குப் போட முடியாது, வீடு நிறைய ஆளு. நாளைக்கு நிச்சயதார்த்தம். திங்கக்கிழமை சம்பந்தி வீட்டாரையெல்லாம் திருச்செந்தூர் கூட்டிட்டுப் போறாவ, வேன் ஓட்டப் போறதே நான்தான். திரும்பி வாரையில ஆபீஸ்ல நிறுத்திக்கிடலாம்டே, வண்டியில வச்சே போட்டுத் தாரேன்னு சொல்லியிருக்காவ. ஆபீஸ் அஞ்சு மணி வரைக்கும் உண்டு. சாமி கும்பிட்டுத் திரும்ப அஞ்சு ஆகாதுல்லா? ஆகாது. ஏன் அண்ணாச்சி அப்படிப் பாக்கிய?

டீனா? டீன் இன்னைக்கு வீட்டுலதான் இருப்பாரு, பாளையங்கோட்டையில. தெரியும். காலையில பஸ் ஸ்டாண்டுக்கு வரையில அந்தத் தெரு வழியாத்தான் வந்தேன். அது சுத்து வழிதான். சும்மா வந்தேன்.

அதெல்லாம் உங்களுக்கு விளங்காது அண்ணாச்சி. எட்டு வருசம். எட்டு வருசம் ஒரு மனுசன நல்லவர்னு நம்பி இருந்துட்டு, எட்டாவது வருசம் கடைசி வாரத்துல அவரு அப்படி இல்லைன்னா, அப்ப நான் யாரு? நான் எதுக்கு இருந்தேன்? அந்தப் பிள்ளை பொய் சொல்லலைன்னா நான் அன்னைக்கு அந்த மேசையில என்ன சொன்னேன்? வேண்டாம். அந்தப் பேச்சே வேண்டாம். அவதான் துரோகி. அவளேதான்.

வீரவநல்லூரும் தாண்டிட்டா? பேசிக்கிட்டே வந்ததுல தெரியல. கண்டக்டர் சார், கல்லிடைக்குறிச்சி ஒண்ணு இறங்கணும்!

அண்ணாச்சி, உங்க மகள எங்க சார்கிட்டயே சேத்து விடுங்க. நான் சொல்லுதேன் அவுககிட்ட. வீட்டுப் பிள்ளை மாதிரிப் பாத்துக்கிடுவாவ. இப்ப ஒரு இடம் காலியாத்தான் இருக்கு.

ஒரு உதவி, கூட்டத்துல கசங்கிரும், இந்தப் பேப்பர் கட்டையும் செத்தப் பிடிங்க, நான் கீழ இறங்கி நிக்கேன், நீங்க ஜன்னல் வழியாத் தாங்க. முதல்ல இலைக் கட்டு. ஆங், வந்துட்டு. வெத்தலைக் கூடை. சரி. அந்தத் தீசிஸ் பை... கனமா இருக்கா, மெதுவா, பைய. இப்ப அந்தப் பேப்பர் கட்டு.

அண்ணாச்சி, தாங்க. ஏன் பிடிச்சுக்கிட்டே இருக்கிய? பஸ் கிளம்புது, விடுங்க அண்ணாச்சி. சாரு காத்துக்கிட்டிருக்காவ.